ஃபைலில் சில வரிகளை மட்டும் ஸ்டேஜ் செய்வதும் டிஸ்கார்ட் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைல்களில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிவுசெய்து வைக்கும் கருவிதான் கிட். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டளைகள் வழியாகப் பழகுவதில்லை. விஎஸ் கோட், கிட் ஜியூஐ, கிட்ஹப் டெஸ்க்டாப், சோர்ஸ்ட்ரீ என்று ஏதாவது ஒரு திரைக் கருவியில்தான் தொடங்குகிறார்கள். முழு ஃபைலையும் கமிட் செய்வதில், அதாவது கிட்டின் வரலாற்றில் பதிவு செய்வதில், யாருக்கும் சிக்கல் வருவதில்லை. ஒரு ஃபைலுக்குள் நாலு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு (இதுதான் டிஸ்கார்ட்), மீதியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றால்தான் தடுமாற்றம் வருகிறது. அப்போது வரும் கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. ஸ்டேஜ்னா என்ன? ஃபைலை சேவ் பண்ணிட்டேனே, அது போதாதா?

சேவ் செய்வது உங்கள் வட்டில் இருக்கும் ஃபைலை மட்டும்தான் மாற்றும். கிட்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் மூன்று பிரதிகள் உண்டு. கடைசி கமிட்டில் இருப்பது ஒன்று. நீங்கள் எடிட்டரில் திறந்து திருத்துவது ஒன்று. இரண்டுக்கும் நடுவில், அடுத்த கமிட்டில் என்ன போகப்போகிறது என்று கிட் வைத்திருக்கும் பிரதி ஒன்று. இந்த நடுப்பிரதி இருக்கும் இடத்தைத்தான் ஸ்டேஜ் என்கிறோம். இண்டெக்ஸ் என்பதும் அதே இடம்தான்.

கமிட் பட்டனை அழுத்தும்போது கிட் எடுத்துக்கொள்வது இந்த நடுப்பிரதியை. உங்கள் திரையில் தெரியும் ஃபைலை அது பார்ப்பதே இல்லை. இந்த மூன்று பிரதிகள் மனதில் நின்றுவிட்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் இந்தப் பதிலை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

2. ஒரே ஃபைல்ல ரெண்டு வேலை பண்ணிட்டேன். ஒண்ணை மட்டும் கமிட் பண்ண முடியுமா?

முடியும். நடுப்பிரதி தனியாக இருப்பதே இதற்குத்தான். ஒரு கடையின் அமைப்பு ஃபைல் இப்படி மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (− நீக்கிய வரி, + சேர்த்த வரி):

− டெலிவரி கட்டணம் = 40
+ டெலிவரி கட்டணம் = 60
  இலவச டெலிவரி வரம்பு = 500
+ சோதனை முறை = ஆம்

கட்டணத்தை 60 ஆக்கியது கேட்கப்பட்ட வேலை. சோதனை முறையை இயக்கியது உங்கள் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்காக. முதல் இரண்டு வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டேஜ் செய்தால், நடுப்பிரதியில் கட்டணம் 60 இருக்கும், சோதனை வரி இருக்காது. அதைக் கமிட் செய்யலாம். எடிட்டரில் உள்ள ஃபைலில் சோதனை வரி அப்படியே இருக்கும், நீங்கள் வேலையைத் தொடரலாம்.

இப்படிப் பிரித்து அனுப்புவது வெறும் சுத்தத்துக்காக மட்டும் இல்லை. ஆறு மாதம் கழித்து, கட்டணம் ஏன் மாறியது என்று ஒருவர் தேடும்போது அந்தக் கமிட்டில் கட்டணம் மட்டுமே இருந்தால் ஒரு பார்வையில் புரிந்துவிடும். அந்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெற வேண்டியிருந்தாலும் சுலபம்.

3. சரி, எந்த டூல்ல எங்கே கிளிக் பண்ணணும்?

விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சோர்ஸ் கன்ட்ரோல் பகுதி வரும். அங்கே ஃபைலைக் கிளிக் செய்தால் டிஃப், அதாவது பழைய பிரதிக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம், திறக்கும். வேண்டிய வரிகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஸ்டேஜ் செலக்டட் ரேஞ்சஸ் என்பதைக் கொடுங்கள். தூக்கிப் போட வேண்டும் என்றால் அதே மெனுவில் ரிவர்ட் செலக்டட் ரேஞ்சஸ். விசைப்பலகையிலேயே முடிக்க விரும்பினால் கன்ட்ரோல்+கே அழுத்திவிட்டு, ஸ்டேஜுக்குக் கன்ட்ரோல்+ஆல்ட்+எஸ், ரிவர்ட்டுக்குக் கன்ட்ரோல்+ஆர். டிஃப் திறக்காமலும் செய்யலாம்: வரி எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் வண்ணப் பட்டையைக் கிளிக் செய்தால் அந்த மாற்றம் மட்டும் சிறு பெட்டியாக விரியும். அதில் கூட்டல் குறி ஸ்டேஜ், வளைந்த அம்பு ரிவர்ட்.

கிட் ஜியூஐ கிட்டோடு சேர்ந்தே வரும் பழைய கருவி. பார்க்க எளிமையாக இருந்தாலும் இந்த வேலையில் கெட்டி. டிஃப் பகுதியில் வரிகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ஸ்டேஜ் லைன்ஸ் ஃபார் கமிட், ரிவர்ட் லைன்ஸ் இரண்டும் கிடைக்கும். சோர்ஸ்ட்ரீயில் வரிகளைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்டேஜ் லைன்ஸ், டிஸ்கார்ட் லைன்ஸ் என்ற பட்டன்கள் வரும்.

கிட்ஹப் டெஸ்க்டாப் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஸ்டேஜ் என்ற சொல்லே கண்ணில் படாது. எல்லா வரிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில்தான் தொடங்கும். வேண்டாத வரியின் எண்மீது கிளிக் செய்து நீல நிறத்தை நீக்க வேண்டும். ஒரு வரியைத் தூக்கிப் போட அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்கார்ட் கொடுக்க வேண்டும்.

4. ஹங்க்னு ஒண்ணு வருது, லைன்னு ஒண்ணு வருது. ரெண்டும் என்ன?

அருகருகே இருக்கும் மாற்றங்களைச் சுற்றியுள்ள மாறாத வரிகளோடு சேர்த்துக் கிட் ஒரு கட்டாகக் காட்டும். அந்தக் கட்டுதான் ஹங்க். வழக்கமாக மேலே மூன்று, கீழே மூன்று என மாறாத வரிகள் துணைக்கு வரும். இரண்டு மாற்றங்கள் நெருக்கமாக இருந்தால் ஒரே ஹங்க்காக ஒட்டிக்கொள்ளும். 2-ஆம் கேள்வியின் உதாரணத்தில் கட்டணமும் சோதனை வரியும் ஒரே ஹங்க்தான். அங்கே ஸ்டேஜ் ஹங்க் கொடுத்தால் இரண்டும் போய்விடும். ஹங்க்குக்குள் இருக்கும் எல்லாமே ஒரே வேலை என்றால் ஹங்க்காகவே எடுங்கள், இல்லையென்றால் வரி வரியாக எடுங்கள்.

5. அன்ஸ்டேஜ் பண்ணா நான் எழுதினது போயிடுமா?

போகாது. அன்ஸ்டேஜ் நடுப்பிரதியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். எடிட்டரில் இருக்கும் ஃபைலைத் தொடாது. பயப்படாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஸ்டேஜ், அன்ஸ்டேஜ் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம்.

டிஸ்கார்ட் அப்படி இல்லை. அது எடிட்டரில் இருக்கும் ஃபைலையே மாற்றுகிறது. இந்தப் பக்கத்தில் வரும் செயல்களில் உங்கள் உழைப்பை உண்மையில் அழிக்கக்கூடியது அது ஒன்றுதான். விஎஸ் கோட், கிட் ஜியூஐ இரண்டும் இதை ரிவர்ட் என்று சொல்கின்றன. கமிட்டைத் திரும்பப் பெறும் 'கிட் ரிவர்ட்' கட்டளைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தக் கட்டளை புதிய கமிட் ஒன்றை உருவாக்கும். இது உங்கள் வரிகளை நீக்கும்.

6. ஒரே ஃபைல் ரெண்டு லிஸ்ட்லயும் தெரியுது. ஏதாவது கெட்டுப்போச்சா?

ஒன்றும் கெடவில்லை. மூன்று பிரதிகளும் மூன்று விதமாக இருக்கின்றன என்று அர்த்தம். மேலே ஸ்டேஜ்ட் சேஞ்சஸ் பட்டியலில் தெரிவது கடைசி கமிட்டுக்கும் நடுப்பிரதிக்கும் உள்ள வித்தியாசம். கீழே சேஞ்சஸ் பட்டியலில் தெரிவது நடுப்பிரதிக்கும் எடிட்டரில் உள்ள ஃபைலுக்கும் உள்ள வித்தியாசம். சில வரிகளை மட்டும் ஸ்டேஜ் செய்தால் இப்படித்தான் தெரிய வேண்டும்.

ஸ்டேஜ் செய்த பிறகு அதே வரியை மறுபடி திருத்தினாலும் இதே காட்சிதான் வரும். ஸ்டேஜில் இருப்பது நீங்கள் ஸ்டேஜ் செய்த நேரத்தில் எடுத்த பிரதி. அதற்குப் பின் செய்த திருத்தம் தானாக அங்கே போய்ச் சேராது. கமிட்டில் பழையது போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். கமிட் செய்வதற்கு முன் மேல் பட்டியலில் உள்ள ஃபைலை ஒருமுறை கிளிக் செய்து, அந்த டிஃப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். எந்தக் கருவியை யார் பயன்படுத்தினாலும் நான் விடாமல் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

7. ஒரு வரியைத்தான் திருத்தினேன். ஆனா சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணுன்னு ரெண்டு வரி காட்டுது. எதை செலக்ட் பண்ணணும்?

இரண்டையும். திருத்தம் என்று தனியாக எதுவும் டிஃப்பில் கிடையாது. பழைய வரியை நீக்கியது சிவப்பு, புதிய வரியைச் சேர்த்தது பச்சை, அவ்வளவுதான். எங்கள் உதாரணத்தில் பச்சை வரியை மட்டும் ஸ்டேஜ் செய்தால், கமிட்டில் கட்டணம் 40 என்றும் 60 என்றும் இரண்டு வரிகள் இருக்கும். சிவப்பை மட்டும் ஸ்டேஜ் செய்தால் கட்டண வரியே இருக்காது. எடிட்டரில் ஃபைல் சரியாகவே தெரிவதால் இந்தத் தவறு சட்டென்று பிடிபடாது.

சிவப்பும் பச்சையும் தனித்தனி வரிகளாகக் காட்டப்படும் கிட் ஜியூஐ, சோர்ஸ்ட்ரீ, கிட்ஹப் டெஸ்க்டாப் ஆகியவற்றில் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனை மேலேயிருந்து கீழே நகர்த்தினாலும் இதே விதிதான்: நீங்கிய இடம், சேர்ந்த இடம் இரண்டும் ஒரே கமிட்டில் போக வேண்டும்.

8. டிஸ்கார்ட் பண்ணேன். ஆனா கடைசி கமிட்ல இருந்த மாதிரி வரலையே?

அந்த ஃபைலில் ஏற்கெனவே கொஞ்சம் ஸ்டேஜ் செய்து வைத்திருப்பீர்கள். சேஞ்சஸ் பட்டியலில் டிஸ்கார்ட் செய்தால் ஃபைல் நடுப்பிரதி இருக்கும் நிலைக்குத்தான் திரும்பும், கடைசி கமிட்டுக்குப் போகாது. 6-ஆம் பதிலில் சொன்ன இரண்டு பட்டியல்களை நினைத்துப் பாருங்கள்: கீழ்ப் பட்டியல் காட்டும் வித்தியாசத்தைத்தான் டிஸ்கார்ட் நீக்குகிறது. கடைசி கமிட் வரை போக வேண்டும் என்றால் முதலில் அன்ஸ்டேஜ், பிறகு டிஸ்கார்ட்.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வேண்டியது, வேண்டாதது இரண்டும் கலந்து கிடக்கும் ஃபைலில் வேண்டாததைத் தேடித் தேடி டிஸ்கார்ட் செய்யாதீர்கள். வேண்டியதை எல்லாம் முதலில் ஸ்டேஜ் செய்துவிடுங்கள். அதற்கப்புறம் கீழே மிஞ்சி நிற்பதைப் பார்த்து டிஸ்கார்ட் செய்தால், கை தவறினாலும் ஸ்டேஜ் செய்தது பத்திரமாக இருக்கும்.

9. தப்பா டிஸ்கார்ட் பண்ணிட்டேன். திரும்ப எடுக்க வழி இருக்கா?

முதலில் எடிட்டரை மூடாதீர்கள். விஎஸ் கோடில் வரிகளை ரிவர்ட் செய்தது சாதாரணத் திருத்தம் போலத்தான். ஃபைல் திறந்திருந்தால் கன்ட்ரோல்+இஸட் அழுத்தியதும் வந்துவிடும். கிட் ஜியூஐயில் டிஃப் பகுதியில் ரைட் கிளிக் செய்தால் அன்டூ லாஸ்ட் ரிவர்ட் இருக்கும். ஆனால் கடைசியாகச் செய்த ஒன்றுக்கு மட்டும்தான் அது. கிட்ஹப் டெஸ்க்டாப்பில் முழு ஃபைலையும் டிஸ்கார்ட் செய்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் பாருங்கள், மாற்றங்களோடு இருந்த பிரதி அங்கே போயிருக்கும்.

அடுத்த இடம் எடிட்டரின் சொந்த வரலாறு. 2022 மார்ச் மாதப் பதிப்பிலிருந்து விஎஸ் கோட் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஒரு பிரதியை எடுத்து வைக்கிறது. எக்ஸ்ப்ளோரர் பகுதியின் அடியில் டைம்லைன் என்று இருக்கும், அதை விரித்தால் தெரியும். நீங்கள் மாற்றாத வரை ஒரு ஃபைலுக்கு 50 பிரதிகள் வரை வைத்திருக்கும். 256 கேபிக்குப் பெரிய ஃபைல்களை விட்டுவிடும். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களிலும் லோக்கல் ஹிஸ்டரி உண்டு. இந்த இரண்டும் கிட்டைச் சாராமல் தனியாக இயங்குபவை, அதனால்தான் இந்த நேரத்தில் கைகொடுக்கின்றன.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. எதையாவது ஸ்டேஜ் செய்த கணத்திலேயே கிட் அந்த நடுப்பிரதியின் முழு உள்ளடக்கத்தையும் தன் கிடங்கில் எழுதிவிடுகிறது, கமிட் வரை காத்திருப்பதில்லை. ஆகவே எப்போதாவது ஸ்டேஜ் செய்து, பிறகு அன்ஸ்டேஜ் செய்து, டிஸ்கார்டும் செய்திருந்தால்கூட அந்தப் பிரதி உள்ளே கிடக்கும். டெர்மினலில் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை லாஸ்ட்-ஃபவுண்ட் தெரிவோடு ஓட்டினால், யாரும் சுட்டாத பிரதிகளை மறைந்திருக்கும் கிட் கோப்புறைக்குள் எடுத்துப் போடும். ஃபைல் பெயர் இருக்காது, நீண்ட எண்ணெழுத்துக் கோவைதான் பெயர். உங்கள் வரியில் இருந்த ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கிட் தன் கிடங்கைச் சுத்தம் செய்யும்போது வழக்கமாக இரண்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றைத்தான் நீக்கும், அதனால் அதற்குள் தேடுவது நல்லது. ஒருமுறைகூட ஸ்டேஜ் செய்யாத வரிகளைக் கிட் பார்த்ததே இல்லை, அவற்றை அதனால் தர முடியாது.

10. புது ஃபைல்ல பாதியை மட்டும் ஸ்டேஜ் பண்ண முடியலையே?

கிட்டுக்கு இன்னும் அறிமுகமாகாத ஃபைல் அது. ஒப்பிடுவதற்குப் பழைய பிரதி இல்லாததால் பல கருவிகள் முழு ஃபைலாகத்தான் சேர்க்கும். டெர்மினலில் 'கிட் ஆட்' கட்டளையை இன்டென்ட்-டு-ஆட் தெரிவோடு கொடுங்கள். ஃபைலின் பெயர் மட்டும் பதிவாகும், உள்ளடக்கம் பதிவாகாது. அதன் பிறகு எல்லா வரிகளும் பச்சையாக டிஃப்பில் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். கிட்ஹப் டெஸ்க்டாப்பில் இது தேவைப்படாது, புதிய ஃபைலிலும் நேரடியாகவே வரிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

கிட் அறியாத ஃபைலை டிஸ்கார்ட் செய்தால் அந்த ஃபைலே நீங்கிவிடும். திரும்பிப் போகப் பழைய நிலை என்று அதற்கு எதுவும் இல்லையே.

11. ஒரு எழுத்துதான் மாத்தினேன். ஃபைல் முழுக்க மாறினதா காட்டுது. இதுல எங்கே போய் வரி செலக்ட் பண்றது?

பெரும்பாலும் இது வரி முடிவுக் குறியின் வேலை. விண்டோஸில் ஒவ்வொரு வரியும் இரண்டு மறைகுறிகளோடு முடியும், லினக்ஸிலும் மேக்கிலும் ஒன்றோடு. எடிட்டர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிச் சேவ் செய்துவிட்டால் எல்லா வரியும் மாறியதாகத்தான் கணக்கு. விஎஸ் கோடின் அடிப்பட்டையில் சிஆர்எல்எஃப் அல்லது எல்எஃப் என்று தெரியும். அதைக் கிளிக் செய்து பழைய முறைக்கு மாற்றிச் சேவ் செய்தால் நீங்கள் திருத்திய ஒரு வரி மட்டும் மிஞ்சும். குழு முழுவதற்கும் நிரந்தரத் தீர்வு வேண்டும் என்றால் ரெப்போவில் (கிட் கவனிக்கும் திட்டக் கோப்புறையில்) கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் வைத்து வரி முடிவை அங்கேயே நிர்ணயித்துவிடுங்கள்.

சேவ் செய்யும்போது தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரும் இதே தொல்லையைத் தரும். அப்போது ஃபார்மேட் மாற்றத்தை முதலில் தனிக் கமிட்டாக அனுப்பிவிட்டு, உங்கள் வேலையை அதன் மேல் செய்யுங்கள்.

12. இதுக்கு நேர் எதிர்: ஃபைல் மாறினதா லிஸ்ட்ல இருக்கு, திறந்தா டிஃப்ல ஒண்ணுமே இல்லை!

விஎஸ் கோட் டிஃப்பில் வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிட மாற்றங்களை இயல்பாகவே மறைத்துவிடும். டிஃப்பின் மேல் மூலையில் இதற்கான பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் தெரியும். பைத்தான் எழுதுகிறவர்கள் இதை எப்போதும் காட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே இண்டென்ட் மாறினால் பொருளே மாறிவிடும்.

13. ஒரே வரிக்குள்ள ரெண்டு மாற்றம் இருந்தா பாதி வரியை ஸ்டேஜ் பண்ணலாமா?

வரிதான் மிகச் சிறிய அலகு. அதற்குள் பிரிக்க எந்தப் பட்டனும் இல்லை. ஆனால் எளிய வழி ஒன்று உண்டு. இரண்டாவது மாற்றத்தை எடிட்டரில் கையால் பழையபடி ஆக்கி, சேவ் செய்து, வரியை ஸ்டேஜ் செய்யுங்கள். அப்புறம் கன்ட்ரோல்+இஸட் அழுத்தி இரண்டாவது மாற்றத்தை மீட்டு மறுபடி சேவ் செய்யுங்கள். நடுப்பிரதியில் முதல் மாற்றம் மட்டும் இருக்கும்.

தமிழில் கட்டுரை, ஆவணம், மொழிபெயர்ப்பு என்று உரைநடையைக் கிட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருக்கும். ஒரு சந்திப்பிழையைத் திருத்தினாலும் பத்தி மொத்தமும் சிவப்பும் பச்சையுமாக வந்து நிற்கும். மார்க்டவுனில் எழுதுகிறீர்கள் என்றால் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகுங்கள். நடுவில் காலி வரி விடாத வரை வெளியீட்டில் அது ஒரே பத்தியாகத்தான் வரும். டிஃப்பும் வாக்கிய அளவுக்குச் சுருங்கும்.

14. டெர்மினல்ல பார்த்துப் பார்த்து ஸ்டேஜ் பண்ணேன். டெஸ்க்டாப்ல கமிட் கொடுத்தா எல்லா மாற்றமும் போயிடுச்சு. ஏன்?

கிட்ஹப் டெஸ்க்டாப் நடுப்பிரதியை நம்பி நடப்பதில்லை. கமிட் செய்யும் நேரத்தில் ஸ்டேஜைக் காலி செய்துவிட்டு, தன் திரையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் வரிகளைத் தானே ஸ்டேஜ் செய்து கமிட் செய்யும். அதனால் டெர்மினலில் தேர்ந்தெடுத்தால் டெர்மினலிலேயே கமிட் செய்யுங்கள், டெஸ்க்டாப்பில் தேர்ந்தெடுத்தால் அங்கேயே முடியுங்கள்.

வேறு இரண்டு இடங்களிலும் இப்படி நடக்கும். 'கிட் கமிட்' கட்டளையை ஆல் தெரிவோடு கொடுத்தால் கிட் அறிந்த எல்லா ஃபைல்களின் எல்லா மாற்றங்களும் போய்விடும். கமிட் கட்டளையில் ஃபைல் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த ஃபைல் முழுவதும் போகும். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த வரிகளுக்கு மதிப்பில்லை. விஎஸ் கோடில் ஸ்மார்ட் கமிட்டை இயக்கி வைத்திருந்தால், எதுவுமே ஸ்டேஜ் ஆகாத நேரத்தில் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடும்.

15. என் கணினியில டெஸ்ட் எல்லாம் பாஸ். மத்தவங்க எடுத்தா ஓடவே மாட்டேங்குது.

சில வரிகளை மட்டும் ஸ்டேஜ் செய்வதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் டெஸ்ட் ஓட்டியது எடிட்டரில் உள்ள முழு ஃபைலின் மீது. கமிட்டில் போனது நடுப்பிரதி. புதிய ஃபங்ஷனைப் பயன்படுத்தும் வரி போயிருக்கும், ஃபைலின் தலையில் இருக்கும் இம்போர்ட் வரி போயிருக்காது. அல்லது நீங்கள் புதிதாக உருவாக்கிய ஃபைல் ஸ்டேஜே ஆகியிருக்காது. கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஹுக்குகளும் சாதாரணமாக உங்கள் கோப்புறையில் இருக்கும் ஃபைல்களைத்தான் பார்க்கும், ஆகவே அவையும் பச்சை காட்டிவிடும். ப்ரீ-கமிட், லின்ட்-ஸ்டேஜ்ட் போன்ற கருவிகள் ஸ்டேஜ் ஆகாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டுச் சோதிப்பவை, அவற்றைப் பயன்படுத்துவது நல்லது.

கையால் செய்ய வேண்டும் என்றால், மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் 'கிட் ஸ்டாஷ் புஷ்' கட்டளையைக் கீப்-இண்டெக்ஸ், இன்க்ளூட்-அன்ட்ராக்ட் என்ற இரண்டு தெரிவுகளோடும் கொடுங்கள். ஸ்டேஜ் செய்தது மட்டும் கோப்புறையில் மிஞ்சும். டெஸ்ட் ஓட்டுங்கள். சரியாக இருந்தால் கமிட் செய்துவிட்டு 'கிட் ஸ்டாஷ் பாப்' கொடுத்தால் மீதி மாற்றங்கள் திரும்ப வரும். கமிட் செய்த வரிகளுக்கு ஒட்டினாற்போல் மீதி மாற்றங்கள் இருந்தால் அப்போது கான்ஃப்ளிக்ட் (மாற்றங்களுக்குள் மோதல்) வரலாம். வந்தாலும் ஸ்டாஷ் அழியாது, நிதானமாகச் சரிசெய்யலாம்.

16. டீபக் வரிகள் நாளைக்கும் வேணும். ஆனா கமிட்ல போகக்கூடாது. என்ன செய்யலாம்?

ஒன்றிரண்டு நாள் என்றால் ஸ்டேஜ் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள், அதுவே போதும். பிராஞ்ச் (இணையாக நடக்கும் வேறொரு வேலைக் கிளை) மாற வேண்டியிருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள்: டீபக் வரிகளை மட்டும் ஸ்டேஜ் செய்து, அவற்றை மட்டும் ஸ்டாஷுக்கு அனுப்புங்கள். கிட் 2.35 பதிப்பிலிருந்து ஸ்டாஷ் கட்டளைக்கு ஸ்டேஜ்ட் என்ற தெரிவு உண்டு, விஎஸ் கோடிலும் ஸ்டாஷ் ஸ்டேஜ்ட் என்று இருக்கிறது. ஒட்டியே வேறு மாற்றம் இருந்தால் சில நேரம் மறுக்கும். வாரக்கணக்கில் தேவைப்படும் வரிகள் என்றால் அவற்றைக் கிட் கவனிக்காத தனி அமைப்பு ஃபைலுக்குக் கொண்டுபோவதுதான் சரி. தினமும் கண்ணால் பார்த்து விலக்குவது என்றைக்காவது ஒருநாள் தவறும்.

17. ஜேசான் ஃபைல், நோட்புக் ஃபைல் எல்லாம் இப்படிப் பிரிக்கலாமா?

தரவை எழுதி வைக்கும் ஜேசான் வடிவத்தில் கடைசி உறுப்புக்குப் பின் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முந்தைய வரியில் காற்புள்ளியும் சேரும். புதிய வரியை மட்டும் ஸ்டேஜ் செய்து காற்புள்ளி வரியை விட்டால் ஃபைல் உடைந்துவிடும். 7-ஆம் பதிலில் சொன்ன கவனம் இங்கே இரட்டிப்பாக வேண்டும். ஜூபிட்டர் நோட்புக்கும் உள்ளே ஜேசான்தான். ஓட்டிய விடைகள், எண்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதை வரி வரியாகப் பிரிக்க முயல வேண்டாம். விடைகளைக் காலி செய்துவிட்டு முழுசாகக் கமிட் செய்யுங்கள். படங்கள் போன்ற பைனரி ஃபைல்களில் வரி என்பதே கிடையாது.

18. நாங்க எஸ்விஎன் யூஸ் பண்றோம். இதுல இந்த வசதி இல்லையா?

எஸ்விஎன் என்கிற சப்வெர்ஷன் கிட்டைப் போன்ற வேறொரு கருவி, அதில் கிட்டில் இருப்பது போன்ற ஸ்டேஜ் கிடையாது. ஆனால் டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் கமிட் பெட்டியில் ஃபைலை ரைட் கிளிக் செய்தால் ரெஸ்டோர் ஆஃப்டர் கமிட் என்று வரும். அது ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் வேண்டாத வரிகளை நீக்கிவிட்டுக் கமிட் செய்ததும் நகலைப் பழையபடி வைத்துவிடும். இதே வகையைச் சேர்ந்த மெர்குரியலிலும் ஸ்டேஜ் இல்லை. கமிட் செய்யும்போதே இன்டராக்டிவ் தெரிவைக் கொடுத்து வரிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

19. எல்லாத்தையும் சேர்த்து ஏற்கெனவே கமிட் பண்ணிட்டேன். இப்போ பிரிக்க முடியுமா?

புஷ் செய்யவில்லை (குழுவின் பொது ரெப்போவுக்கு அனுப்பவில்லை) என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். விஎஸ் கோடில் அன்டூ லாஸ்ட் கமிட் கொடுங்கள். கமிட் மட்டும் நீங்கும், மாற்றங்கள் எல்லாம் ஸ்டேஜில் வந்து நிற்கும். அனைத்தையும் அன்ஸ்டேஜ் செய்துவிட்டு, 3-ஆம் பதிலில் சொன்னபடி ஒவ்வொரு வேலைக்கும் உரிய வரிகளைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனிக் கமிட்டாகப் போடுங்கள். புஷ் செய்து மற்றவர்களும் அதன்மேல் வேலை செய்யத் தொடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு வரும் தொல்லை பிரிப்பதால் வரும் பயனைவிடப் பெரிது.

பிரித்த பிறகு ஒவ்வொரு கமிட்டும் தனியாக ஓடுகிறதா என்று பார்க்க, 15-ஆம் பதிலில் சொன்ன ஸ்டாஷ் வேலையை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதில்லை. கமிட்டுகளை வரிசையாக மறுபடி அடுக்கும் 'கிட் ரீபேஸ்' கட்டளைக்கு எக்ஸெக் என்ற தெரிவு இருக்கிறது. அதில் உங்கள் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு கமிட்டாக நிறுத்தி ஓட்டிப் பார்க்கும். எங்கே உடைகிறதோ அங்கேயே நின்றுவிடும். விடுபட்ட வரியை அந்த இடத்திலேயே ஸ்டேஜ் செய்து, அமெண்ட் கொடுத்து அதே கமிட்டில் சேர்த்துவிட்டு, ரீபேஸைத் தொடரச் சொல்லுங்கள்.